பின்குறிப்பில் கிடந்த வாய்க்கால்

கேள்வி: எனக்கு மூன்றரை ஏக்கர் பட்டா நிலம். 1978-இல் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது எங்கள் பங்குக்கு வந்தது. நடுவில் உள்ள கிணறு இரு வீட்டுக்கும் பொது, சரிபாதி. சென்ற ஆண்டு சித்தப்பா மகன் கிணற்றிலிருந்து முப்பதடி தள்ளி 850 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டான். அன்றிலிருந்து கிணற்றில் அரை மணி நேரம்கூட மோட்டார் ஓடுவதில்லை. நானும் இரண்டு இடத்தில் 600 அடி வரை போட்டுப் பார்த்தேன், புழுதிதான் வந்தது. அவனைத் தடுக்கச் சட்டம் உண்டா?

இதற்கிடையில் கிராம நிர்வாக அலுவலர் வந்து கிணற்றின் ஆழம், மோட்டாரின் குதிரைத்திறன் எல்லாம் எழுதிக்கொண்டு போனார். அரசு கிணறுகளை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று ஊரில் பேச்சு. பட்டா நிலத்துக் கிணற்றில் அரசுக்கு என்ன உரிமை? டேங்கர் லாரிக்காரர் ஒருவர் தண்ணீர் கேட்கிறார். தம்பியின் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) எடுத்து இருவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். விற்கலாமா? கடைசியாக, மேற்கு ஓரத்தில் நாங்கள் பயிர் செய்யும் 11 சென்ட் ஓடைப் புறம்போக்கு என்று வட்டாட்சியர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அப்பா காலத்திலிருந்து பி-மெமோ கட்டி வருகிறோம். ரசீதுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவை போதும் அல்லவா?

பின்குறிப்பு: ஏரி மடையிலிருந்து அவன் நிலம் வழியாக எங்களுக்கு வரும் வாய்க்காலைச் சென்ற ஆண்டு ஆடியில் மண் போட்டு மூடிவிட்டான். அப்போதே வாய்த்தகராறு ஆகி, ஊர்ப் பெரியவர்கள் வந்து சமாதானம் செய்தார்கள். ஏரியே இரண்டு வருடமாக நிரம்பவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கத்தைக் கிணற்றுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்குக் கீழே இடமில்லாமல் ஓரத்தில் வளைத்து எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பின்குறிப்பில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. கிணற்றில் உங்களுக்கு இருப்பதாக நீங்கள் நம்பும் உரிமை, நீங்கள் நினைப்பதில் பாதிகூட இல்லை. நீங்கள் விட்டுவிட்டதாகச் சொல்லும் வாய்க்காலில் இருக்கும் உரிமையோ நன்றாகக் காலூன்றி நிற்கிறது. ஆனால் அதற்குக் கெடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

அடுத்தவர் நிலத்தின் வழியாகத் தண்ணீர் கொண்டுவரும் உரிமையைச் சட்டம் வசதியுரிமை என்கிறது. பழைய பத்திரங்களின் மொழியில் பாத்தியம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்றும் நம் வயல்வெளிகளை ஆள்கிறது. அதன் 15-ஆம் பிரிவின்படி, இருபது ஆண்டுகள் இடையறாமல், ஒளிவுமறைவின்றி, சண்டை சச்சரவின்றி, 'இது என் உரிமை' என்ற எண்ணத்தோடு வாய்க்காலைப் பயன்படுத்தி வந்தால் உரிமை முழுமையாகிவிடும். 1978-இலிருந்து கணக்கிட்டால் உங்களுக்கு இருபதுக்கு மேல் இன்னொரு இருபது ஆண்டுகள் உபரியாகவே இருக்கின்றன.

சிக்கல் அதே பிரிவின் பின்பகுதியில் இருக்கிறது. அந்த இருபது ஆண்டுகள், நீங்கள் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிய வேண்டும். நாற்பது ஆண்டுகள் பாய்ச்சிவிட்டு, தண்ணீர் நின்றபின் மூன்று ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனால், அந்த நாற்பது ஆண்டுகளும் பழங்கதைதான். இதோடு இன்னொரு கெடுவும் உண்டு. ஒருவர் வாய்க்காலைத் தடுத்து, அது உங்களுக்குத் தெரிந்து, ஓராண்டு வரை நீங்கள் அதற்கு இணங்கிப் போயிருந்தால் அது சட்டத்தின் கண்ணில் 'இடையூறு' ஆகி, இருபது ஆண்டுக் கணக்கை அறுத்துவிடும்.

மூடியது சென்ற ஆண்டு ஆடி. உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது ஆவணியில். பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. இங்கேதான் அந்த வாய்த்தகராறு கைகொடுக்கிறது. நீங்கள் இணங்கிப் போகவில்லை, எதிர்த்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று. சமாதானம் பேச வந்த பெரியவர்கள்தான் சாட்சிகள். குடும்பச் சண்டையை வெளியில் சொல்ல வெட்கப்படாதீர்கள். யார் யார் வந்தார்கள், எந்தக் கிழமை, எந்த மரத்தடி என்று இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏரி நிரம்பாததையும் நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வானம் பொய்த்ததால் தண்ணீர் வராமல் போனது வேறு, ஆள் தடுத்ததால் வராமல் போனது வேறு. சட்டம் இடையூறு என்று சொல்வது இரண்டாவதைத்தான்.

அடுத்து 1978-ஆம் ஆண்டின் பாகப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்துக்குக் கீழே 'மாமூல் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும் சேர்த்து' என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் உரிமை பத்திரத்தின் மூலமே வந்தது; இருபது ஆண்டுக் கணக்கு தேவையில்லை, இரண்டு ஆண்டுக் கெடுவும் உங்களைத் தொடாது. வரி இல்லாவிட்டாலும் 13-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரே குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது, ஒரு பங்கை அனுபவிக்க இன்னொரு பங்கின் வழியாக வசதி தேவைப்பட்டால் அது சொல்லாமலே பங்கோடு சேர்ந்து வரும் என்கிறது அது. ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குப் போட வேண்டாம். 'கிணறு இருக்கிறதே, வாய்க்கால் எதற்கு?' என்று தம்பியின் வழக்கறிஞர் கேட்பார். இரண்டு பிரிவுகளையும் சேர்த்தே வாதத்தில் வையுங்கள். பத்திரம் பதிவு செய்யப்படாத வெறும் கூர்ச்சீட்டாக இருந்தால் அதன் சான்று மதிப்பு வெகுவாகக் குறையும். அதையும் முன்கூட்டியே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் குறுக்கு விசாரணையில் வெளியே வரும்.

புல வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். அந்த வாய்க்கால் தனிப் புல எண்ணோடு புறம்போக்காகக் காட்டப்பட்டிருந்தால், தம்பி மூடியது உங்கள் வாய்க்காலை மட்டுமல்ல, அரசு நிலத்தையும்தான். அப்போது வட்டாட்சியரிடமும் ஏரிக்குப் பொறுப்பானவரிடமும் மனு கொடுக்கலாம். பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்குக் குறைவான ஏரி என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. வரைபடத்தில் வாய்க்காலே இல்லை, பட்டா நிலத்துக்குள் ஓடும் வயல் வாய்க்கால்தான் என்றால் அதிகாரிகள் கையை விரித்துவிடுவார்கள். நேரே உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. உங்கள் நிலம் ஏரியின் ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்) சேர்ந்த நஞ்சையா என்பது கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் தெரியும். சேர்ந்திருந்தால், வழக்கமாக வந்துகொண்டிருந்த தண்ணீரை அரசே நினைத்தாலும் உங்களுக்குக் கேடு வரும்படி குறைத்துவிட முடியாது. பங்கீட்டை மாற்றியமைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆயக்கட்டுக்காரரின் வாயில் மண் போட அதிகாரம் இல்லை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லி வருகிறது.

இனி, நீங்கள் பக்கம் பக்கமாக எழுதிய கிணறு.

நிலத்தடி நீரைப் பற்றி நம் சட்டம் சொல்வது 1882-இல் எழுதப்பட்டது. அதற்கும் முன்பு, 1843-இல், இங்கிலாந்தில் ஒரு பருத்தி ஆலைக்காரரின் கிணறு பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தால் வற்றிப்போனது. அவர் நட்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். மண்ணுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது, அதனால் தன் நிலத்துக்குக் கீழே கிடைப்பதை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு என்பது அன்றைய நீதிபதிகளின் முடிவு. அந்த எண்ணம்தான் கப்பலேறி வந்து நம் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டாக உட்கார்ந்திருக்கிறது. திட்டமான தடத்தில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் சேகரித்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உண்டு என்கிறது அது. 'இத்தனை ஆண்டுகள் என் கிணற்றில் தண்ணீர் ஊறியது, அதனால் அந்த ஊற்றில் எனக்கு உரிமை' என்ற வாதத்துக்கும் 17-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிட்டது.

இதில் உங்களுக்குக் கிடைத்திருப்பது தண்ணீரின் மேல் உடைமை இல்லை. தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் உரிமை. அதே உரிமை தம்பிக்கும் இருக்கிறது, அவனுக்கு அடுத்த நிலத்துக்காரருக்கும் இருக்கிறது. யாருடைய குழாய் ஆழமோ அவருக்குக் கிடைக்கும். நீங்கள் 600 அடி போட்டபோது இதே சட்டத்தை நம்பித்தான் போட்டீர்கள். அன்று தண்ணீர் வந்திருந்தால் இந்தக் கடிதத்தைத் தம்பி எனக்கு எழுதியிருக்கக்கூடும்.

ஆகவே அவன் தன் பாகத்துக்குள் போட்டிருந்தால் தடுக்க வழியில்லை. ஆனால் 'தன் பாகத்துக்குள்' என்பதில் எனக்கு ஒரு சந்தேகம். பாகப்பத்திரத்தின் நகலில் ஒரு பக்கத்தை நீங்கள் இணைத்திருக்கிறீர்கள். அதில் 'கிணறும் கிணற்றடி 8 சென்டும் பொதுவில்' என்று தெளிவாக இருக்கிறது. 8 சென்ட் என்றால் ஏறக்குறைய 3,485 சதுர அடி; சதுரமாக வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 59 அடி. கிணறு நட்டநடுவில் இருந்தால், கரையிலிருந்து முப்பதடி என்பது அநேகமாக எல்லைக்கு வெளியே போய்விடும். ஆனால் நம் முன்னோர் கிணற்றை யார் நடுவில் வெட்டினார்கள்? மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை ஓட்டுவதற்காக ஒரு பக்கம் நீளமாக நிலம் விட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் போர் விழுந்திருந்தால் அது பொது நிலத்தில் இருக்கிறது. பொது நிலத்தில் ஒரு பங்காளி மற்றவரின் சம்மதம் இல்லாமல், மற்றவருக்குக் கேடாக, தனக்கு மட்டுமாக ஆழ்துளை போட முடியாது. அப்போது தடையுத்தரவு கேட்கலாம், அந்த போரிலேயே பங்கும் கேட்கலாம். நில அளவருக்குப் பணம் கட்டி முறையாக அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் நீங்களே ஒரு டேப்பைப் பிடித்து அளந்து, படம் போட்டு எனக்கு அனுப்புங்கள்.

பத்திரத்தில் இன்னொன்றும் தேடுங்கள். அந்தக் காலத்துப் பாகப்பத்திரங்கள் சிலவற்றில், பொதுக் கிணற்றுக்கு இவ்வளவு தூரத்துக்குள் யாரும் வேறு கிணறு வெட்டக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் நிலைமை தலைகீழாகும்; சட்டம் கொடுக்காத பாதுகாப்பை உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள்.

நடுவில் ஒரு கேள்வி. தண்ணீர் வராத அந்த இரண்டு 600 அடி துளைகளை மூடினீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. துளை போடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே எழுத்துமூலம் தெரிவிப்பது, குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டுவது எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டின் ஊராட்சி விதிகள்படி கிணறு தோண்டவே ஊராட்சியின் அனுமதி தேவை. தம்பி அனுமதி வாங்கியிருக்க மாட்டான்; நீங்களும் வாங்கியிருக்க மாட்டீர்கள். இதை வைத்து அவன் மேல் புகார் கொடுத்தால் அடுத்த வாரம் உங்கள் மேல் புகார் வரும். இரண்டு சாக்கு மூட்டையைத் திணித்து மேலே பலகைக்கல் வைத்திருந்தால் அது மூடியதாகாது. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைச் செய்யுங்கள்.

அரசு கிணறுகளை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தவர் எழுதிக்கொண்டு போனது அநேகமாகச் சிறுபாசனக் கணக்கெடுப்புக்காக இருக்கும். நாடு முழுவதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. 2017-18-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆறாவது கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 2.31 கோடி சிறுபாசன அமைப்புகள் இருப்பதாகக் கண்டார்கள். அவற்றில் சுமார் 2.19 கோடி நிலத்தடி நீரை எடுப்பவை. உங்கள் கிணறு அதில் ஒன்று. எண்ணுவதற்கு வந்தவரை எடுக்க வந்தவர் என்று நினைத்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்த இடமும் இதுதான். முதல் பக்கத்தில், பக்கத்து போரைத் தடுக்க அரசு ஏன் சட்டம் போடவில்லை என்று கோபப்படுகிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், என் கிணற்றைப் பற்றிக் கேட்க அரசு யார் என்று கோபப்படுகிறீர்கள். தமிழ்நாட்டு விவசாயிகள் எல்லாருமே இந்த இரண்டு கோபத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அரசும் இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டது. 2003-இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் நிறைவேறியது. கிணறுகளைப் பதிவு செய்வது, அனுமதி கொடுப்பது எல்லாம் அதில் இருந்தன. பத்தாண்டுகள் அது நடைமுறைக்கே வரவில்லை. 2013-இல் அதையே நீக்கிவிட்டார்கள். கேரளமும் ஆந்திரமும் 2002-இல், கர்நாடகம் 2011-இல் சட்டம் செய்து வைத்திருக்கின்றன. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துக் கிணறு வற்றினால் போய் நிற்க ஓர் அலுவலக வாசலாவது இருக்கிறது. நமக்குச் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு மட்டும் 1987-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். மற்ற மாவட்டங்களில் 2014-ஆம் ஆண்டின் அரசாணை எண் 142 இருக்கிறது. அது தண்ணீரை வணிகத்துக்கும் தொழிலுக்கும் எடுப்பவர்களைக் கட்டுப்படுத்துகிறது. விவசாயத்துக்கு விலக்கு அளித்துவிட்டது.

நிலத்தடி நீரின் அளவை அரசு பார்க்காமலும் இல்லை. பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) வாரியாக ஆண்டு ஊறும் நீரையும் எடுக்கும் நீரையும் ஒப்பிடுகிறார்கள். எடுப்பது ஊறுவதில் 70 விழுக்காடு வரை என்றால் பாதுகாப்பானது. 90-ஐத் தாண்டினால் அபாயகரமானது. 100-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது. உங்கள் பிர்கா எந்த வகையில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். நூறைத் தாண்டியிருந்தால், அடுத்து ஆயிரம் அடி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் பொறுப்பாளர் மட்டுமே என்ற எண்ணமும் நம் நீதிமன்றங்களில் வளர்ந்து வருகிறது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இயற்கை வளங்களைப் பற்றி அப்படிச் சொன்னது. 2003-இல் பிளாச்சிமடை குளிர்பான ஆலை வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்க நில உரிமையாளருக்கு உரிமை இல்லை என்றார். 2005-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்புகளைக் காட்டி, ஒரு விவசாயி இன்னொரு விவசாயியின் போரை நிறுத்தலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டேங்கர் லாரி விஷயத்தில் நீண்ட விளக்கம் தேவையில்லை: விற்காதீர்கள். தம்பியின் மோட்டார் ஓடுவது விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பில் என்றால், அந்த மின்சாரத்தில் இறைத்த தண்ணீரை லாரிக்கு ஊற்றிய நிமிடமே அது அனுமதிக்கப்படாத பயன்பாடு. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். விவசாயத்துக்கு என்ற விலக்கும் அப்போது போய்விடும். உரிமம் எங்கே என்று கேட்பார்கள். வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியமே திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயிகளின் கிணறுகளை வாடகைக்கு எடுத்ததில்லையா என்பீர்கள். எடுத்தது. அது அரசின் ஒரு அமைப்பு ஒப்பந்தம் போட்டு, ஊருக்குக் குடிநீர் கொடுக்க எடுத்தது. உங்கள் லாரிக்காரர் ரசீதுகூடத் தரமாட்டார். எல்லாவற்றுக்கும் மேல், எந்த போரால் உங்கள் கிணறு வற்றியது என்று வழக்குப் போட நினைக்கிறீர்களோ, அதே போரின் தண்ணீரை விற்றுப் பங்கு வாங்கிக்கொண்டால் பிறகு நீதிபதியிடம் என்ன சொல்வீர்கள்?

இனி மேற்கு ஓரத்து 11 சென்ட். இதில் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை.

பி-மெமோ ரசீதுகளைப் பொக்கிஷம்போல வைத்திருக்கிறீர்கள். பி-மெமோ என்பது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் ஆக்கிரமிப்பாளரிடம் வசூலிக்கும் தொகை. ஒவ்வொரு ரசீதும் 'இது அரசு நிலம், நான் ஆக்கிரமித்திருக்கிறேன்' என்று உங்கள் வீட்டார் ஆண்டுதோறும் ஒப்புக்கொண்டதற்கான சாட்சி. முப்பது ஆண்டு அனுபவத்தால் அரசு நிலத்தில் உரிமை வரும் என்று கால வரையறைச் சட்டத்தைக் காட்டி வாதாடலாம் என்று நினைத்தாலும், இந்த ரசீதுகளே அதை முறியடித்துவிடும். ஓடை, ஏரி, வாய்க்கால் எல்லாம் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அவற்றை வகைமாற்றிப் பட்டா கொடுப்பதை நீதிமன்றங்கள் இப்போது அனுமதிப்பதில்லை. அரசே கொடுக்க நினைத்தாலும் முடியாது.

நோட்டீஸ் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு என்றால் விளக்கம் கேட்கிறார்கள். கெடுவுக்குள் பதில் கொடுத்தே ஆக வேண்டும். 6-ஆம் பிரிவு என்றால் வெளியேற்றும் உத்தரவு. அதில் நிலத்தில் நிற்கும் பயிரையும் பறிமுதல் செய்ய இடமுண்டு. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. பதிலில் நியாயமாகக் கேட்கக்கூடியவை இரண்டு. ஒன்று, உங்கள் முன்னிலையில் அளந்து காட்டச் சொல்வது. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் கணக்குகளை மாற்றி எழுதியபோது விழுந்த தவறுகள் ஏராளம். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்த 11 சென்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதிலும் ஓடை என்று இருந்தால் சண்டையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மற்றது, நிற்கும் பயிரை அறுக்கும் வரை அவகாசம் கேட்பது. பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஓடையை நெருக்கிக்கொண்டே போனது நீங்கள். வாய்க்காலை மூடியது தம்பி. நீங்கள் வாய்க்காலுக்காக வழக்குப் போட்டால், அவன் வழக்கறிஞர் உங்களைக் கூண்டில் நிறுத்தி முதலில் கேட்கப்போவது ஓடையைப் பற்றித்தான். தடையுத்தரவு என்பது கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதில்லை. கேட்பவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் நீதிபதி பார்ப்பார். கடிதத்தோடு வந்த உங்கள் கைவரைபடத்தில் அந்த ஓடை உங்கள் கிணற்றுக்கு மேட்டுப் பக்கமாக ஓடுகிறது. மழைத் தண்ணீர் அதில் நின்று ஊறினால் அது முதலில் வந்து சேரக்கூடிய இடம் எது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டா எல்லைக்கு நீங்களே பின்வாங்கிவிட்டு, அதை எழுத்தில் வட்டாட்சியருக்குத் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வழக்கில் அந்த ஒப்புகை, முப்பது ஆண்டு பி-மெமோ ரசீதுகளைவிடப் பெரிய ஆயுதமாக இருக்கும்.

வழக்கு என்றால் எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பொதுக் கிணற்றின் முறைக்காகப் பதினோரு ஆண்டுகள் மோதிய அண்ணன் தம்பியில் அண்ணனுக்காக நான் ஆஜரானேன். நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் கிணற்றைப் பார்வையிட வந்த அன்று பார்த்து அடைமழை. கிணறு கழுத்து வரை நிரம்பி நின்றது. 'தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருப்பதாகத் தெரியவில்லை' என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார். அதை மாற்றவே மூன்று ஆண்டுகள் ஆயின. வென்றோம். தீர்ப்பின் நகலோடு நான் போனபோது கிணற்றின் வாயில் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தார்கள், ஆடு விழாமல் இருக்க. ஆகவே ஆணையர் நியமனம் கேட்டால், மூடிய மண்ணும் வாய்க்காலின் பழைய கரையும் கண்ணுக்குத் தெரியும் கோடையில் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. வழக்கறிஞர் நோட்டீஸ் இரண்டாவதாகப் போகட்டும். முதல் கடிதத்தை நீங்களே, உங்கள் கையெழுத்தில், தம்பிக்கு எழுதுங்கள். 'தம்பி, சென்ற ஆண்டு ஆடியில் நீ மூடிய மடை வாய்க்கால் நம் அப்பாக்கள் காலத்திலிருந்து என் நிலத்துக்கும் தண்ணீர் வரும் வழி. மூடிய அன்றே நான் ஆட்சேபித்தேன்; ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலும் சொன்னேன். இன்றும் நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் மண்ணை எடுத்துவிடு. கூலியில் பாதியை நான் தருகிறேன்.' இவ்வளவு போதும். போரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை வேண்டாம். விரைவுத் தபாலில், பதிவு வசதியோடும் ஒப்புகையோடும் அனுப்புங்கள். ஒப்புகை வந்ததும் பாகப்பத்திரம், புல வரைபடம், அ-பதிவேட்டு நகல், நீங்கள் அளந்து போட்ட படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வழக்கறிஞரைப் பாருங்கள். வாய்க்காலை மூடிய தேதி உறுதியாகத் தெரியாவிட்டால், அன்று மண் அடித்த டிராக்டர்க்காரரிடம் கேளுங்கள். வாடகை வாங்கிய நாளை அவர் எங்காவது குறித்து வைத்திருப்பார்.